மணிலாவின் இரவு: எடையில்லாத சரக்கு ஒரே இடத்தில் குவிந்த கதை

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். பிலிப்பைன்ஸில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் மறுநாள் மணிலாவின் கால் சென்டர்களில் பெருங்கூட்டத்துக்கு வேலை நேரம் மாறிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வரை இரவு 9 மணிக்குத் தொடங்கிய ஷிப்ட், திங்கட்கிழமை 10 மணிக்கு நகர்ந்துவிடும். நியூயார்க்கில் காலை 9 மணிக்கு வாடிக்கையாளர் போனைக் கையில் எடுக்கும்போது, மறுமுனையில் எடுக்க ஆள் உட்கார்ந்திருக்க வேண்டுமே. அப்புறம் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு வரும், ஷிப்ட் மறுபடி 9 மணிக்குத் திரும்பும். அமெரிக்கச் சட்டம் ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில் வேன் எத்தனை மணிக்குக் கிளம்புவது, தெருமுனைச் சாப்பாட்டுக் கடை எப்போது அடுப்பைப் பற்றவைப்பது என்பதையெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறை தீர்மானிக்கிறது.

சேவைத் துறையின் புவியியலைப் பேச இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. பிலிப்பைன்ஸின் கால் சென்டர்களும் அவற்றைச் சேர்ந்த அலுவலகப் பணிகளும் 2023-இல் சுமார் 17 லட்சம் பேருக்கு வேலை தந்தன, சுமார் 3,550 கோடி டாலர் ஈட்டின. அதே ஆண்டு, வெளிநாடுகளில் உழைக்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் வங்கி வழியாக வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 3,350 கோடி டாலர். செவிலியராக, மாலுமியாக, வீட்டுப் பணியாளராகக் கடல் கடந்து போனவர்களின் சம்பாத்தியத்தை, ஊரைவிட்டு நகராமல் குரலை மட்டும் அனுப்பியவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

பாடப் புத்தகம் எங்கே இடறுகிறது

முதல்நிலைத் தொழில் மண்ணோடு கட்டுண்டது: நிலக்கரி இருக்கும் இடத்தில்தான் சுரங்கம். இரண்டாம்நிலையான ஆலைகளுக்கு ஆல்பிரட் வெபர் 1909-இல் ஒரு கணக்குச் சொன்னார். மூலப்பொருளின் எடை, சரக்கின் எடை, தூக்கிச் செல்லும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஆலை எங்கே அமையும் என்று தெரியும் என்பது அது. மூன்றாம்நிலையான சேவைக்கு வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் தென் ஜெர்மனியின் ஊர்களை வைத்து மைய இடக் கோட்பாட்டை எழுதினார். எந்தக் கடையும் பிழைக்கக் குறைந்தது இத்தனை வாடிக்கையாளர் வேண்டும். எந்த வாடிக்கையாளரும் ஒரு சேவைக்காக இவ்வளவு தூரம்தான் நடப்பார். இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து சின்ன ஊர், நடுத்தர ஊர், பெருநகரம் என்ற அடுக்கை உண்டாக்குகின்றன. முடிவெட்டும் கடை தெருவுக்கு ஒன்று, இதய அறுவை சிகிச்சை மாநிலத்துக்குச் சில இடங்களில்.

இந்தக் கோட்பாட்டுக்கு அடியில் சொல்லாத நிபந்தனை ஒன்று இருக்கிறது: சேவை கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். முடிவெட்டுவதைச் சேமித்து வைத்து அனுப்ப முடியாது. தொலைபேசியும் கடலடிக் கேபிளும் வந்தபோது அந்த நிபந்தனையில் பாதி கழன்றது. இடம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, நேரம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

உலக வர்த்தக அமைப்பு சேவை ஏற்றுமதியை நான்கு வழிகளாகப் பிரிக்கிறது. சேவையே எல்லை தாண்டலாம், வாங்குபவர் தேடி வரலாம், நிறுவனம் போய்க் கிளை திறக்கலாம், ஆளே போகலாம். பிலிப்பைன்ஸ் நெடுங்காலமாக நான்காவது வழியில் பேர் போன நாடு. கால் சென்டர் என்பது அந்த நாடு முதல் வழிக்குத் தாவிய கதை.

சரி, குரலுக்கு எடையில்லை, கேபிளில் போகும். அப்படியென்றால் இந்தத் தொழில் 7,000-க்கும் மேற்பட்ட தீவுகளில் பரவி, வாடகை குறைந்த இடமாகப் பார்த்துச் சிதறியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. பெரும்பகுதி மெட்ரோ மணிலாவில், அதிலும் மகாத்தி, போனிபாசியோ, ஒர்த்திகாஸ், ஈஸ்ட்வுட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பகுதிகளில் குவிந்தது. நாட்டிலேயே வாடகை அதிகமான மண் அது. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

முன்கதை

1990-களின் தொடக்கத்தில் மணிலாவைப் பார்த்தவர் யாரும் இங்கே தொலைபேசியை வைத்து ஒரு தொழில் வளரும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார். நாட்டில் 98 சதவீதம் பேர் தொலைபேசி இணைப்புக்கும், மீதி 2 சதவீதம் பேர் டயல் டோனுக்கும் காத்திருக்கிறார்கள் என்று சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூ கேலி செய்தது அந்தக் காலத்தில்தான். 1992, 93-இல் தலைநகரில் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது.

பிறகு சில விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. தொலைபேசியில் ஒரே நிறுவனத்தின் ஏகபோகத்தை 1993-இல் அதிபர் ரமோஸின் ஆணை உடைத்தது. எல்லா நிறுவனங்களும் ஒன்றோடொன்று இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்றானது. 1995-இல் தொலைத்தொடர்புச் சட்டம் அதை உறுதி செய்தது. அதே 1995-இல் வந்த சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், மண்டலத்துக்குள் இருக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் வருமான வரி விலக்கும், அதன்பின் மொத்த வருமானத்தில் 5 சதவீதம் மட்டுமே வரியும் என்றது. ஆலைகளை மனத்தில் வைத்து எழுதிய சட்டம்தான். ஆனால் ஒரு தகவல்தொழில்நுட்பப் பூங்காவை, ஏன் தனியாக நிற்கும் ஒரு கட்டடத்தையே, மண்டலமாக அறிவிக்க அது இடம் கொடுத்தது. 1999-இல் கெசோன் சிட்டியின் ஈஸ்ட்வுட் முதல் தகவல்தொழில்நுட்பப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தரைத்தளத்துக் கடைக்காரர் சாதாரண வரி கட்டுவார், பன்னிரண்டாவது மாடியில் இருப்பவர் மண்டல வரி கட்டுவார். மண்டலத்தைச் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள்! வரைபடத்தில் பரப்பாக வண்ணம் தீட்டிப் பழகிய புவியியல்காரருக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி.

ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அதிகம் சொல்லவும் வேண்டியதில்லை. 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சி. 1901-இல் தாமஸ் என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கி, அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிக் கல்வியைப் பரப்பினார்கள். ஆங்கிலம் இன்றும் ஆட்சிமொழிகளில் ஒன்று. நூறு ஆண்டுக்கு முந்தைய காலனியக் கல்வி பிற்பாடு ஏற்றுமதி மூலப்பொருளாக மாறியது. சுமார் 2010-இல் குரல்வழிப் பணியில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்தியபோது, எல்லோரும் உச்சரிப்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

உச்சரிப்பு மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடிகாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

விடியற்காலை நான்கு மணிப் பிரச்சினை

நியூயார்க்கின் காலை 9 முதல் மாலை 6 வரையிலான நேரத்துக்கு ஆள் வைக்க வேண்டும். கோடையில் அது மணிலாவில் இரவு 9 முதல் காலை 6 வரை. குளிர்காலத்தில் இரவு 10 முதல் காலை 7. இதே வேலையை இந்தியாவிலிருந்து செய்தால் கோடையில் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 7.30 முதல் 4.30.

இந்திய நேரம் பார்க்க வசதியானதாகத் தெரியும், பாதி இரவாவது தூங்கலாம். ஆனால் வேலை முடிகிற நேரத்தைக் கவனியுங்கள். அதிகாலை 3.30-க்குப் பெரும்பாலான ஊர்களில் பேருந்து கிடைப்பது அரிது. ஒவ்வோர் ஊழியரையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட நிறுவனமே வண்டி வைக்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் நள்ளிரவுக்கு மேல் வளைய வந்த கேப் கூட்டத்துக்கு இதுதான் காரணம். மணிலாவில் ஷிப்டுக்குக் கிளம்பும் இரவு 8 மணிக்கு ஜீப்னி என்ற சிறு பயணிகள் வண்டியும் பேருந்தும் ஓடிக்கொண்டிருக்கும், முடித்து வெளியே வரும் காலை 6 மணிக்கு மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும். அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் அகால நேரம் முழுவதையும் ஊழியர் உள்ளே உட்கார்ந்தே கழித்துவிடுகிறார். இரவு முழுவதும் விழித்திருப்பது உடம்புக்குக் கேடு, போக்குவரத்துச் செலவுக்கு லாபம்.

இந்தக் கணக்கு அமெரிக்கக் கிழக்குக் கரைக்குத்தான். லாஸ் ஏஞ்சலஸுக்கு எடுத்தால் மணிலாவில் நள்ளிரவு 12 அல்லது 1 மணிக்குத் தொடங்க வேண்டும், அங்கே இந்தியாவுக்கே வசதி. ஆகவே தீர்க்கரேகை ஒன்றை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஆனாலும் தூரத்தின் இடத்தைக் கடிகாரம் பிடித்துக்கொண்டது என்பது மட்டும் உறுதி. வெபரின் எடைக்குப் பதில் இங்கே நேர வித்தியாசம்.

ஒரு ஷிப்ட்

கவிட்டே மாகாணத்தில் வீடு, மகாத்தியில் வேலை என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாலையில் அவர் நகரத்துக்குள் வரும்போது எதிர்ப்பக்கச் சாலையில் நகரமே வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் வண்டிகள் அசையவில்லை. இவர் வரும் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கிறது. காலையிலும் இதே கதை, திசை மட்டும் மாறும். காலையில் நகரத்துக்கு ஆட்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்ப வேண்டிய வண்டிக்கு இவரைப் போன்றவர்கள் பயணிகளாகிறார்கள்.

அவர் உட்காரும் நாற்காலியில் மாலை வரை ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்குப் பதில் சொன்ன ஒருவர் இருந்திருப்பார். சிட்னி மணிலாவைவிட இரண்டு, மூன்று மணி நேரம்தான் முன்னால், அது பகல் வேலை. லண்டன் ஷிப்ட் மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குப் பிறகு முடியும். ஒரு மேசை, இரண்டு மூன்று சம்பளம். சதுர மீட்டருக்கு வாடகை அதிகம் என்கிறோம், ஆனால் நாற்காலி சூடு ஆறாத கட்டடத்தில் அந்த வாடகையை 24 மணி நேரத்துக்குப் பங்கு போடுகிறார்கள்.

இரவு 2 மணிக்கு இவருக்கு இடைவேளை. அதற்குப் பெயர் லஞ்ச். கீழே இறங்கினால் 24 மணி நேரக் கடை திறந்திருக்கிறது, சோறும் கறியும் விற்கும் கடை திறந்திருக்கிறது, ஏடிஎம், மருந்துக்கடை, காப்பிக்கடை எல்லாம் வெளிச்சத்தோடு இருக்கின்றன. காலை 6 மணிக்கு வேலை முடிந்து வருபவர்களுக்காக மதுக்கடையில் ‘ஹேப்பி அவர்’ சலுகையும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு கடந்து போகும் நேரத்தில் பக்கத்துக் கடையில் ஒரு கூட்டம் பீர் குடித்துக்கொண்டிருப்பதை முதல் முறை பார்ப்பவருக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

கிறிஸ்டாலர் திரும்ப நுழையும் இடம் இதுதான். நள்ளிரவில் சோற்றுக்கடை பிழைக்க வேண்டுமென்றால் குறைந்தது இத்தனை பேர் இறங்கி வர வேண்டும். ஒரு கட்டடத்தில் 300 பேர் இருந்தால் அந்தக் கடை நடக்காது. ஒரு தெருவில் பத்துக் கட்டடங்கள் இருந்தால் நடக்கும். அந்தக் கடைகள் இருப்பதால் பதினோராவது நிறுவனம் அங்கேயே வருகிறது. அமெரிக்க வாடிக்கையாளர் இந்தத் தெருவுக்கு ஒருநாளும் வரப்போவதில்லை, ஆனால் அவருக்குப் பதில் சொல்பவருக்குப் பசிக்கும், தலை வலிக்கும், வீட்டுக்குப் போக வண்டி வேண்டும். கேபிளில் போகும் சேவையைக் கேபிளில் அனுப்ப முடியாத நூறு சேவைகள் தாங்கிப் பிடிக்கின்றன. கட்டட வாடகையோடு சேர்த்து, விழித்திருக்கும் ஒரு ஊரையும் நிறுவனம் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

அந்த விழிப்புக்குச் சட்டமும் வழிவிட வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் தொழிலாளர் சட்டப்படி இரவு 10 முதல் காலை 6 வரையிலான வேலைக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் ஊதியம். பெண்களின் இரவு வேலைக்கு இருந்த பழைய தடை 2011-இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. அதற்குள் விதிவிலக்குகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பல வருடங்களாக இரவு ஷிப்ட் பார்த்து முடித்திருந்தார்கள்.

ஓடுபாதைகளின் மேல்

இந்தக் கட்டடங்கள் எந்த மண்ணில் நிற்கின்றன என்று தேடியபோது எனக்குக் கிடைத்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. மகாத்தியின் மையமான ஆயலா அவென்யூவும் பசேயோ டி ரோஹாஸும் 1937-இல் திறந்த நீல்சன் விமானத் தளத்தின் ஓடுபாதைகள். அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் இன்னமும் நிற்கிறது. போனிபாசியோ குளோபல் சிட்டி அமெரிக்கர்கள் அமைத்து, பிறகு பிலிப்பைன்ஸ் ராணுவத்திடம் வந்த பாசறை. 1995-இல் அதன் ஒரு பகுதியை அரசு தனியாருக்கு விற்றது. அந்த மண் யாருடையது என்று மகாத்தி நகரமும் பக்கத்துத் தகிக் நகரமும் வரி வருமானத்தை முன்னிட்டு வருடக்கணக்காக வழக்காடியது தனிக் கதை. செபு நகரின் ஐடி பூங்கா பழைய லாஹுக் விமான நிலையத்தின் மேல் இருக்கிறது. இலோயிலோவின் பிசினஸ் பார்க் 2007-இல் மூடிய மண்டுரியாவ் விமான நிலையத்தின் மேல்.

நான்கு இடங்களிலும் இப்படி அமைந்தது தற்செயல் என்று எனக்குப் படவில்லை. விமான தளமும் பாசறையும் ஒரே உரிமையாளரிடம் இருக்கும் பெரிய, சமமான, துண்டாடப்படாத நிலங்கள். தொடங்கும்போது ஊருக்கு வெளியே இருந்தன, ஊர் வளர்ந்து சுற்றி வளைத்துக்கொண்டது. நடு ஊரில் நூறு பட்டாதாரர்களிடம் பேரம் பேசாமல் ஒரே கையெழுத்தில் வாங்கக்கூடிய மண். அங்கே இரட்டை மின்வழி, ஜெனரேட்டர், இரண்டு மூன்று நிறுவனங்களின் கேபிள் எல்லாவற்றையும் முதலிலேயே புதைத்துவிடலாம். 2006 டிசம்பர் 26-இல் தைவானுக்குத் தெற்கே நேர்ந்த நிலநடுக்கத்தில் கடலடிக் கேபிள்கள் அறுந்து கிழக்காசியா முழுக்க இணையம் தடுமாறிய பிறகு, மாற்றுக் கேபிள் வழி வேண்டும் என்று இந்தத் தொழிலில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மணிலாவுக்கு வெளியே தொழில் பரவியபோதும் கண்ட இடத்தில் பரவவில்லை. செபு, தாவாவ், இலோயிலோ, பாகோலோத், டுமகெட்டே என்று கல்லூரிகள் உள்ள ஊர்களாகப் பார்த்துத்தான் போனது. பாகோலோத் கரும்பு ஊர். 1980-களில் சர்க்கரை விலை விழுந்தபோது அந்தத் தீவில் பஞ்சம் வந்தது. கரும்புத் தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போகாமல் நேரே ஹெட்செட்டுக்குப் போன தலைமுறை அங்கே இருக்கிறது. நாட்டுக்கும் அதே கதைதான். வேளாண்மை சுருங்கியது, ஆலை பெரிதாக எழவில்லை, சேவைத் துறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்தக் குறுக்குவழியில் ஒரு குறை உண்டு. ஆலை பள்ளியை முடிக்காதவருக்கும் வேலை கொடுக்கும், கால் சென்டர் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவருக்குத்தான் கொடுக்கும். 17 லட்சம் பெரிய எண்தான், ஆனால் அந்த வாசலுக்கு வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கை அதைவிட மிகப் பெரியது.

கட்டடமில்லாமல் முடியுமா?

2020 மார்ச்சில் மணிலா இருக்கும் லூசோன் தீவு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, எவரும் திட்டமிடாத ஒரு சோதனை நடந்தது. ஜீப்னி நின்றது, பேருந்து நின்றது. தாங்கிப் பிடித்த சேவைகள் ஒரே நாளில் கழன்றன. நிறுவனங்கள் பக்கத்து ஓட்டல்களில் அறை எடுத்து ஊழியர்களைத் தங்கவைத்தன, சில இடங்களில் அலுவலகத் தரையிலேயே படுத்தார்கள். அதே வாரங்களில் கணினிகளை மூட்டை கட்டி வீடுகளுக்கும் அனுப்பினார்கள். வேலை நின்றுவிடவில்லை. இந்தச் சேவையைக் கட்டடம் இல்லாமலும் செய்யலாம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அப்படியும் ஊழியர்களைக் கட்டடத்துக்குத் திரும்ப அழைத்தது எது? வரிச் சட்டம். சலுகை மண்டலத்துக்குள் நடக்கும் வேலைக்குத்தான், வீடு மண்டலத்துக்குள் இல்லை. அனைவரும் 2022 ஏப்ரல் முதல் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அரசின் வரிச்சலுகை வாரியம் சொன்னது. மண்டலக் கட்டடங்களைச் சுற்றியிருந்த கடைகள், வண்டிகள், வாடகைகள் எல்லாம் காத்திருந்தன, அரசின் வாதத்திலும் அந்தக் கவலை இருந்தது. ஊழியர்கள் முணுமுணுத்தார்கள், நிறுவனங்களும் இழுத்தடித்தன. அதே ஆண்டு செப்டம்பரில், பதிவை மண்டல ஆணையத்திலிருந்து முதலீட்டு வாரியத்துக்கு மாற்றிக்கொண்டால் சலுகையை இழக்காமல் முழுவதுமே வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று ஒரு வழி திறந்தது. மண்டலத்தில் பதிவாகியிருக்கும் நிறுவனமும் பாதிப் பேர் வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று 2024 நவம்பரில் வந்த சட்டம் அனுமதித்தது. எடையில்லாத ஒரு சேவை எங்கே நடக்க வேண்டும் என்பதை ஒரு சட்டத்தின் விழுக்காடு வரையறுக்கிறது.

வீட்டுக்குப் போனவர்களுக்கு நள்ளிரவுச் சோற்றுக்கடை வேண்டியதில்லை, பேருந்தும் வேண்டியதில்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இல்லை, புயல் நாளில் இணையம் போனால் மாற்றுக் கேபிள் இல்லை. ஒருகாலத்தில் கட்டடம் கவனித்துக்கொண்டவை இப்போது ஊழியரின் தலையில். இன்னொன்றும் இருக்கிறது. கட்டடத்துக்குக் கெட்டியான சுவர் உண்டு. வீட்டில் மணிலா நேரம் அதிகாலை 5 மணிக்கு, அதாவது நியூயார்க்கில் மாலை நேரத்தில், கிரெடிட் கார்டு கட்டணத்தைப் பற்றிப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருப்பவரின் குரலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சேவல் கூவும். அந்தக் கூவலைக் குரலிலிருந்து வடிகட்டுவதற்கென்றே இப்போது மென்பொருள் வாங்குகிறார்கள்.